எல்லைச் சாவடியில் ஒரு ஆயா

கம்பு குறுக்கே கிடந்தது.

மூங்கில் கம்புதான். ஒரு முனையில் கல்லைக் கட்டி, மறு முனையைக் கயிற்றால் இழுத்தால் மேலே எழும்புகிற மாதிரி செய்திருந்தார்கள். கம்புக்கு இந்தப் பக்கம் ஆப்பிரிக்காவின் நியாசாலாந்து, இங்கிலீஷ்காரன் ஆண்டது. அந்தப் பக்கம் போர்த்துகீசியன் ஆண்டது. இரண்டு பக்கமும் ஒரே மலை, ஒரே தேயிலை, ஒரே செம்மண். சாரல்கூட அந்தப் பக்கத்திலிருந்து யாரையும் கேட்காமல் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

சாவடிச் சுவரில் ஒரு கடிகாரம். மணி நாலரை. ஐந்து மணிக்குச் சாவடியைப் பூட்டிவிடுவார்கள். அன்று சனிக்கிழமை. பூட்டினால் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பார்கள்.

என் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் இங்கிலீஷில் ‘வா’ என்று ஒரே ஒரு சொல். 'கம்'. என் படிப்புக்கு அந்தச் சொல் போதுமென்று எழுதிய கன்னியாஸ்திரிக்கு எப்படித் தெரிந்ததோ. கம்புக்கு அப்பால் பத்து மைல் தள்ளி, அவர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் என் மனைவி புஷ்பம் பிரசவத்துக்குப் படுத்திருந்தாள்.

பத்து மைல். அரை மணி நேரம். ஒரு மூங்கில் கம்பு.

இல்லாமல் போனவன்

போன வாரம் நான் எழுதிய, பம்பாயில் கப்பல் ஏறிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: 'கட்டிய மனைவியையும் இழுத்துக்கொண்டா இப்படி ஊர் ஊராய்த் திரிந்தீர்கள்?' இழுத்துக்கொண்டு போனதுகூடப் பரவாயில்லை, அம்மா. விட்டுவிட்டுப் போனதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம், ஓர் எஸ்டேட்டின் கூலி லைன் வீட்டில். குன்னூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் கிளாஸ்வரை இருந்தேன். 'படித்தேன்' என்று எழுதக் கை வரவில்லை. ஒரு நாள் வாத்தியார் அடித்தார். அன்றைக்கே ரயில் தண்டவாளத்தின் மேல் நடந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிட்டேன். அடி பலமாய்ப் பட்டதென்று இல்லை. ஓடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

பிறகு கொஞ்ச காலம் குடகில் காப்பி. கொஞ்ச காலம் கூடலூரில் மர லாரி. குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு வரும் பெட்டிகளைச் சுமந்தேன். ஒரு ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் சேர்ந்து, மூக்கு நன்றாக இருந்ததால் மெல்ல மெல்ல டீ மேக்கரானேன். அதற்குள் ஜெகதளா கிராமத்து வாத்தியார் ஒருவர், என் சம்பளத்தையோ என் மூக்கையோ நம்பி, தன் மகள் புஷ்பத்தைக் கட்டிக்கொடுத்தார்.

முதல் குழந்தை பிறந்தபோது நான் மைசூரில் இருந்தேன். நாலு நாள் லீவு போட்டுக் கூடலூர்வரை ஒரு லாரிக்குத் துணையாகப் போனவன், லாரி போன திசையிலேயே இரண்டு மாதம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது லைனுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் முழ நீளத்துக்கு மண் மேடாக இருந்தது. புஷ்பம் என்னைத் திட்டவில்லை. "தண்ணி காயுதுங்க, குளிச்சுட்டு வாங்க" என்றாள். அந்த வெந்நீரை நான் ஊற்றிக்கொண்டதை இப்போது நினைத்தாலும் முதுகு எரிகிறது.

எங்கள் தொரைக்கு ஆப்பிரிக்காவில் பெரிய தோட்டம் கிடைத்தபோது, டீ மேக்கராக என்னையும் கூப்பிட்டார். புஷ்பத்தோடு போனேன். அங்கே இரண்டாவது. மழைக்காலம், இலை குவிந்து கிடந்தது, ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் வந்து கூப்பிட்டான். "இந்த ரோல் முடியட்டும்" என்றேன். முடித்துக் கை கழுவி வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தை அழவே இல்லை என்றார்கள்.

மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது ஒரு நாள் சொன்னேன். "இந்தத் தடவ நான் பக்கத்துலயே இருப்பேன், புஷ்பம்."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சொல்லாதீங்க. சொல்லிப் போட்டு வரலீன்னாத்தான் எனக்குத் தாங்கறதில்ல. சொல்லாம வந்து நில்லுங்க, போதும்."

எங்கள் தோட்டத்துக்கு அருகில் இருந்த ஆஸ்பத்திரி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். எல்லைக்கு அப்பால் கன்னியாஸ்திரிகள் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு வாரம் முன்பே ஒரு லாரியில் அவளை அங்கே கொண்டுபோய் விட்டேன். பிறகு வேலைக்குத் திரும்பினேன். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அந்தக் காகிதம் வந்தது.

கம்வெண்டோவின் கார்

கொண்டுவந்தவன் கம்வெண்டோ. எல்லையைத் தாண்டி வாரத்துக்கு மூன்று தடவை போய்வந்த ஒரே வாடகைக் கார் அவனுடையது. பழைய ஃபோர்டு. பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு மரப்பலகை அடித்து, எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்டிருந்தான். கார் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்தது என்று அவன் சொல்லும்போது கதவு சாத்தாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காரில் ஒருவரும் தமிழ் பேசவில்லை. அந்த நாட்டுப் பாஷையும் கொஞ்சம் இங்கிலீஷும் கலந்த தோட்டத்துப் பேச்சுதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் எல்லாரும் குன்னூர்ப் பேச்சே பேசுகிறார்கள். என் காதில் அன்றைக்கே அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும்.

முன்னால் கம்வெண்டோவுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒரு குஜராத்திச் சேட்டு. மடியில் ஒரு பெட்டி நிறைய லாந்தர்க் கண்ணாடி. பின்னால் நான். எனக்கு எதிரே, கல்யாணத்துக்குப் போகிற அண்ணன் தம்பி இரண்டு பேர், மூன்று கோழியோடு. மலையடி வளைவில் ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். ஐம்பது வயதிருக்கும். ஒரு மூட்டை கருவாடு. வலது காலில் துணி சுற்றியிருந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி பாதத்தில் ஏறிப் புண்ணாகிவிட்டதாம். இலை பறிக்க முடியாது. ஆறும்வரை அந்தப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கலாமென்று போகிறாள்.

"வா, அமாயி" என்றான் கம்வெண்டோ.

அமாயி என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. அந்த நாட்டில் இறங்கிய புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டு, நம் ஊர்க்காரர் யாரோ கூப்பிடுகிறார்களென்று நான் திரும்பிப் பார்த்ததுண்டு.

கருவாட்டு மூட்டை ஏறியதும் சேட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"கம்வெண்டோ, என்ர கண்ணாடியெல்லாம் நாறிப் போகும். அப்புறம் அந்த லாந்தர ஏத்துனா ஊரே மீன் குழம்பு வாடையடிக்கும்."

"நல்லதுதானுங்க. வெறுஞ்சோறு திங்கறவங்க உங்க வெளக்குக்கு முன்னால உக்காந்து திம்பாங்க" என்றாள் அந்த அமாயி. கோழிக்காரத் தம்பி சிரித்த சிரிப்பில் ஒரு கோழி கையைவிட்டுப் போய், அதைப் பிடிக்கக் காரை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கோழியை அன்றைக்கு நான் சபித்த மாதிரி எந்த மனிதனையும் சபித்ததில்லை.

சிப்பெரோனி விழ ஆரம்பித்தது. குளிர்காலத்தில் போர்த்துகீசியன் பக்கத்து மலையிலிருந்து இறங்கும் ஊசிச் சாரலுக்கு அங்கே அப்படிப் பெயர். குன்னூர் சாரலுக்கு உடன்பிறந்தது. நின்று பெய்யாது, விட்டும் போகாது. கம்வெண்டோ கண்ணாடியைத் துடைக்கப் பாதி உருளைக்கிழங்கு வைத்திருந்தான். தேய்த்தால் தண்ணீர் நிற்காதாம். தேய்த்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தான்.

"சாவடியில என்ன வேலைன்னு கேப்பான். கப்பித்தாவ்னு மட்டும் சொல்லிராதீங்க."

எங்கள் பக்கத் தோட்டங்களில் ஆள் மேய்க்கிறவனுக்குக் கப்பித்தாவ் என்று பெயர். ஃபாக்டரியில் ஆட்களை வேலை வாங்கியதால் டீ மேக்கரான என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"ஏன்?"

"அவன் பாஷையில அது பட்டாளத்துக் காப்டன். போன மாசம் ஒருத்தன் சொன்னான். 'எங்கடா உன்ர பட்டாளம்'னு சாயங்காலம் வரைக்கும் நிக்க வெச்சுட்டான். உங்க ஊர்ல அந்த வேலைக்கு என்ன பேரு?"

"மேஸ்திரி."

"அதையே சொல்லுங்க. அவனுக்குப் புரியாது. புரியலீன்னா சண்டை இல்ல."

மெஷ்த்ர

சாவடியில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கறுப்புப் போலீஸ்காரன் நின்றான். அவனைச் சிப்பாய் என்றே கூப்பிட்டார்கள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. உள்ளேயிருந்து அதிகாரி வந்தான். கனத்த உடம்பு, கழுத்தில் கம்பளி, மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் போலவே அவனுக்கும் குளிர்ந்தது.

என் பாஸை வாங்கிப் பார்த்தான். அது இங்கிலீஷில் இருந்தது. அவனுக்கு அது தெரியாது. ஏதோ கேட்டான்.

"வேலை கேக்கறான்" என்றான் கம்வெண்டோ.

"மேஸ்திரி."

அந்த ஆள் நிமிர்ந்தான். "மெஷ்த்ர?"

"மேஸ்திரி" என்றேன் மறுபடியும்.

அவன் தலையில் தொப்பி இருந்திருந்தால் கழற்றியிருப்பான். ஒரு மாதிரி தலையைச் சாய்த்து, "மெஷ்த்ர" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அவன் பாஷையில் மெஷ்த்ர என்றால் வாத்தியார். அது எனக்கு அப்போது தெரியாது. கம்வெண்டோவுக்குத் தெரிந்திருக்கிறது. உருளைக்கிழங்கால் வாயை மறைத்துக்கொண்டு நின்றான். நாலாம் கிளாஸில் வாத்தியாருக்குப் பயந்து தண்டவாளத்தில் ஓடியவன் நான்.

இதை வெகு காலம் கழித்து ஒரு பாதிரியாரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு ஒரு பட்டியலே போட்டார். மேஸ்திரி மட்டுமல்ல, சாவியும் போர்த்துகீசியச் சொல், ஜன்னல் அவர்களுடையது, மேசை, அலமாரி, பேனா எல்லாம் அவர்களுடையது. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் கடலோரத்தில் இறக்கிப் போட்டுப் போனது, மலையேறி எங்கள் எஸ்டேட் லைன்வரை வந்திருக்கிறது. அந்தப் பாஷையில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்வெண்டோ என் கதையை அவனுக்குச் சொன்னான். மனைவி, மடத்து ஆஸ்பத்திரி, பிரசவம். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான். முத்திரையை எடுத்தான். மணி நாலே முக்கால்.

அதற்குள் சிப்பாய் காரைச் சுற்றி வந்துவிட்டான்.

ஆயா

அமாயிக்குக் காகிதம் இல்லை.

அவள் பிறந்தது அந்தப் பக்கம். பல வருஷம் முன்பு காட்டு வழியாக இந்தப் பக்கம் வந்து இலை பறித்துக்கொண்டிருந்தாள். அவளைப் போல ஆயிரம் பேர். போகவர எல்லாருக்கும் அந்தக் காட்டு வழிதான். காலில் புண் இருந்ததால் அன்றைக்குக் காரில் ஏறிவிட்டாள்.

முத்திரை மேசைமேல் திரும்பிப் போயிற்று. அதிகாரி கம்வெண்டோவைப் பார்த்துக் கத்தினான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. காகிதமில்லாத ஆளை இன்னொரு தடவை ஏற்றிவந்தால் வண்டியோடு திருப்பி அனுப்புவேன் என்று போன வாரம்தான் எச்சரித்திருக்கிறானாம். இதோ இன்னொரு தடவை. எல்லாரும் திரும்ப வேண்டியதுதான்.

"நான் அப்பவே சொன்னேன், அந்த மூட்டைய ஏத்தாதேன்னு" என்றார் சேட்டு.

"மூட்டைக்குக் காகிதம் கேக்கலீங்க, எனக்குத்தான் கேக்கறான்" என்றாள் அமாயி. ஆனால் குரல் இறங்கிப் போயிருந்தது. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீட்டு அண்ணன் குனிந்துகொண்டான்.

ஒருவரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அவளாகவே இறங்க வேண்டுமென்று காத்திருந்தார்கள். மணி அஞ்சுக்குப் பத்து.

நான் காத்திருக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த தோட்டத்துப் பேச்செல்லாம் அந்த நொடியில் எங்கோ போய்விட்டது. மகன் வயது ஆள் கிராமத்துப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல்தான் வாயில் வந்தது. எங்கள் எஸ்டேட்டில் தாய்மார் இலை பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக் கொட்டகையில் ஒரு பெண் இருப்பாள். அவளை ஆயா என்போம். பக்கத்து லைன் கிழவியையும் ஆயா என்போம். வயதான எந்தப் பெண்ணும் எங்களுக்கு ஆயாதான்.

வந்த ரோட்டை நோக்கிக் கையை நீட்டினேன்.

"ஆயா! எறங்கிப் போடுங்க, ஆயா! உங்களால எல்லாரும் நிக்கறோம்!"

அவள் என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மூட்டையை எடுத்துக்கொண்டு, நல்ல காலை முதலில் கீழே வைத்து இறங்கினாள். சாரலில் நின்றாள்.

அதிகாரி கத்துவதை நிறுத்தியிருந்தான்.

"ஆயா?" என்றான். என்னைக் காட்டி, அவளைக் காட்டி, வயிற்றின்மேல் காற்றில் ஒரு வளைவு வரைந்து, இரண்டு கையையும் தொட்டில்போல ஆட்டினான். "ஆயா?"

போர்த்துகீசியர் பாஷையிலும் ஆயா என்றால் ஆயாதான். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள். நான் என் ஆயாவை இறக்கி அவன் முன்னால் நிறுத்துகிறேன் என்று அந்த மனிதன் நினைத்துக்கொண்டான்.

கம்வெண்டோ முந்திக்கொண்டான். அவன் என்ன சொன்னான் என்று பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ஆமாங்க, வாத்தியாரோட ஆயா. பொறக்கப் போற கொழந்தைக்கு. தனிக் காகிதம் வேணும்னு அவங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் வாத்தியார் பாஸ்லயே ஆயாவும் சேத்தி."

அதிகாரி என் பாஸின் முதுகில் ஒரு வரி எழுதினான். ஊதிக் காயவைத்தான். முத்திரை விழுந்தது. பெரிய மனதோடு என் தோளைத் தட்டி ஏதோ வாழ்த்தினான். சிப்பாய் கயிற்றை இழுக்க, கம்பு எழும்பியது.

கம்வெண்டோ அமாயியைக் கைகொடுத்து ஏற்றினான். கார் கிளம்பியதும் சேட்டு திரும்பி என்னைப் பார்த்து, "மூளைக்காரரு நீங்க. அந்த நேரத்துல எப்புடித் தோணுச்சு?" என்றார். தம்பிக்காரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அமாயி மடியில் நனைந்த மூட்டையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வராந்தா

ஆஸ்பத்திரி என்றால் ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம். முன்னால் வராந்தா. கார் நிற்பதற்குள் குதித்து ஓடினேன். உள்ளேயிருந்து புஷ்பத்தின் குரல் கேட்டது. "அம்மா" என்றாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் நான் இருந்ததில்லை.

வாசலில் வயதான ஒரு கன்னியாஸ்திரி கையை விரித்து நின்றார். ஆண்கள் உள்ளே வரக் கூடாது. கெஞ்சினேன். தலையை ஆட்டினார். பையிலிருந்து 'கம்' என்ற காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அவரே எழுதியதுதான் போலும், புன்னகை செய்தார். வராந்தாவில் கிடந்த பெஞ்சைக் காட்டினார். வந்தாயிற்று, உட்கார் என்று அர்த்தம்.

"அவ தனியா இருக்கா, சிஸ்டர்" என்று தமிழிலேயே அழுதேன். "அவ பேசறது அங்க யாருக்கும் புரியாது."

வேறு எதைக் காட்டுவதென்று தெரியாமல் பாஸை நீட்டினேன். அவர் முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். முத்திரைக்கு மேலே இருந்த வரியைப் படித்தார். என் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கேட்டார்:

"ஆயா?"

திரும்பினேன். அமாயி படிக்கட்டின் கீழே நின்றிருந்தாள். மகள் வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அங்கிருந்துதான் பிரிகிறது. இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் போயிருக்கலாம்.

உள்ளே புஷ்பம் மறுபடியும் கத்தினாள்.

அமாயி மூட்டையைப் படிக்கட்டில் வைத்தாள். வாளித் தண்ணீரில் முழங்கைவரை கை கழுவினாள். என்னைக் கடந்து நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். கன்னியாஸ்திரி வழி விட்டார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவர் ஒற்றைச் செங்கல். எல்லாம் கேட்டது. புஷ்பம் "அம்மா" என்பாள். கொஞ்சம் தள்ளி ஒரு தடித்த குரல் "அமாயி" என்று சேர்ந்துகொள்ளும். அந்த ஊர்ப் பெண்களும் வலி எடுத்தால் அப்படித்தான் கத்துவார்கள். புஷ்பம் உரக்கக் கத்தினால் அந்தக் குரலும் உரக்கக் கத்தியது. ஏதோ பாரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிற மாதிரி. இரண்டு பெண்கள் சேர்ந்து செய்கிற வேலை அது. நான் வெளியே, கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு ஏற்றும் நேரத்துக்குக் குழந்தை அழுதது.

இரண்டு தடவை கேட்காத சத்தம் அது. முதலில் எனக்கு அது என்னவென்றே விளங்கவில்லை.

கன்னியாஸ்திரி வெளியே வந்து இரண்டு விரலால் காதோரம் தொட்டு, தோடு போடுகிற மாதிரி காட்டினார். பெண். என்னை ஒரே நிமிஷம் வாசலில் நிற்க விட்டார். புஷ்பம் கண்ணை மூடியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் கை அமாயியின் கைக்குள் இருந்தது. அமாயியும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். யாரையும் எழுப்பாமல் திரும்பி வந்துவிட்டேன்.

கை காட்டியது

காலையில் சாரல் விட்டிருந்தது. மடத்து அடுப்படியில் கேட்டு வாங்கி நானே டீ போட்டேன். எங்கள் ஃபாக்டரித் தூள்தான், வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தகரக் குவளையில் எடுத்துக்கொண்டு போனால், அமாயி படிக்கட்டில் மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கன்னியாஸ்திரிகள் அவள் காலுக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வாய் குடித்தாள்.

"இது உன்ர ஃபாக்டரித் தூளா?"

"ஆமா."

"நாங்க பறிச்சுக் குடுத்தப்ப எலை நல்லாத்தான் இருந்துச்சு."

பதினைந்து வருஷமாக டீ மேக்கராக இருந்தவனிடம் சொல்கிற பேச்சா அது! எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிவிடலாமென்று தோன்றியது.

"அமாயி, நேத்து சாவடியில நான் ஆயான்னு சொன்னேனே..."

"அது என்ன பேச்சோ, எனக்கென்ன தெரியும்?" என்றாள். "அந்தச் சொல்லு எனக்குப் புரியல. உன்ர கை புரிஞ்சுது."

நான் தலையைத் தொங்கப் போட்டேன்.

"எறங்குன்னுதான சொன்னே?"

"ஆமா."

"அதுக்குத்தான் எறங்குனேன்."

"பின்ன ஏன் உள்ள போனீங்க?"

என்னை விசித்திரமாகப் பார்த்தாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

"உள்ள ஒருத்தி கத்திக்கிட்டிருந்தா. வாசல்ல நின்னு உன்ர கையவே நெனச்சுக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

மிச்ச டீயைக் குடித்தாள். குவளையைக் கவிழ்த்து உதறி என்னிடம் கொடுத்தாள். மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, புதுக்கட்டு மண்ணில் படாமல் குதிகாலால் நடந்து பாதையில் இறங்கினாள்.

அன்றைக்கு என்னை உள்ளே விட்டார்கள். புஷ்பம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிறைய முடி. ஒரு கை மட்டும் துணிக்கு வெளியே வந்து காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பு, கடிகாரம், மேஸ்திரி, ஆயா, நீட்டிய கை. எதையும் விடவில்லை.

"எறங்கச் சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"காலுல அத்தனை பெரிய புண்ணோட."

"ஆமா."

குழந்தையின் முடியை விரலால் ஒதுக்கினாள். குழந்தை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெந்நீர் காய்கிறது, குளித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"அவங்க பேரென்னங்க?"

"தெரியல. எல்லாரும் அமாயின்னு..."

"அது பேரில்லீங்க. நாளைக்கு என்னையும் அப்புடித்தான் கூப்புடுவாங்க." குழந்தையை மறு பக்கம் மாற்றிக்கொண்டாள். "வலி விட்டுப் போற வரைக்கும் என்ர கைய விடாம இருந்த மனுசி. போய்க் கேட்டுட்டு வாங்க." நான் திரும்பியதும், பின்னாலிருந்து சொன்னாள்: "கேட்டுட்டுத் திரும்பி வந்துருங்க."

ஓடினேன். ஓடுவது எனக்குப் பழக்கம்தான். பாதை மக்காச்சோளக் கொல்லை வழியாக இறங்கி ஓர் ஓடையைத் தாண்டியது. ஓடைக் கல்மேல் உட்கார்ந்து அவள் கால் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்க வருவதைப் பார்த்ததும், "என்ன, குழந்தைக்கு ஏதாச்சுமா?" என்று எழுந்துவிட்டாள்.

"இல்ல, இல்ல. உங்க பேரு. அவ கேட்டா."

சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"எலுபி."

எழுதிக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை. இருந்தாலும் எழுதுவதைவிட வாயில் வைத்துக்கொள்வதுதான் எனக்கு நம்பிக்கை. எலுபி, எலுபி என்று சொல்லிக்கொண்டே மேடேறினேன். கொல்லையில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசலில் நின்ற கன்னியாஸ்திரியையும் எலுபி என்று சொல்லிக்கொண்டேதான் கடந்தேன்.

"எலுபி" என்றேன் கட்டிலருகே நின்று.

புஷ்பம் அதை ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு குழந்தையோடு சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, கட்டிலில் இடம் விட்டாள்.

"உக்காருங்க" என்றாள்.